டைப்ஸ்கிரிப்டில் இரண்டு அரேக்களைச் சேர்க்க

நான் எப்போதும் முதலில் எழுதிப் பார்ப்பது இதைத்தான்:

[...பழையவை, ...புதியவை]

மூன்று புள்ளி (ஸ்ப்ரெட்), அரே என்ற பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விரித்து வைக்கும். மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தாலும் டைப்ஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும், அதனால் அப்படியே பயன்படுத்தலாம். இரண்டு அரேக்களும் தொடப்படாமல் இருக்கும், புதிதாக ஒன்று கிடைக்கும். ஒன்றில் எண்கள், மற்றதில் ஸ்ட்ரிங்குகள் என்றால், 'எண் அல்லது ஸ்ட்ரிங்' என்ற யூனியன் டைப் தானாகவே அமைந்துவிடும்.

அரேக்களை இணைக்கும் கான்கேட் (concat) மெத்தடும் புது அரேதான் தரும். ஆனால் அது முதல் அரேயின் டைப்பையே பிடித்துக்கொள்ளும். எண்களோடு ஸ்ட்ரிங்குகளைச் சேர்க்கப் போனால் சிவப்புக் கோடு விழும். அந்தக் கோட்டை மறைக்க, டைப் சோதனையையே நிறுத்திவிடும் 'எனி' (any) டைப்பைப் போடாதீர்கள். நான் ஒருமுறை போட்டேன். கருத்துப் பட்டியலின் அடுத்த பக்கத்தை ஏற்றும் இடம் அது. சர்வர் பதிலில் பட்டியலே இல்லாதபோது மதிப்பு அன்டிஃபைன்ட் (undefined), அதாவது எதுவும் வைக்கப்படவில்லை. கான்கேட் அதையும் ஓர் உறுப்பாகக் கடைசியில் ஒட்டிவிட்டது. 20 இருக்க வேண்டிய இடத்தில் 21. பிழை வெடித்ததோ வேறொரு ஃபைலில், கருத்தாளர் பெயரை எடுக்கும் வரியில். ஒரு மாலை முழுக்க அந்த வரியையே முறைத்துக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளி போட்டிருந்தால் சேர்க்கும் இடத்திலேயே பிழையோடு நின்றிருக்கும். கடுமையாகச் சோதிக்கும் ஸ்ட்ரிக்ட் (strict) அமைப்பும் சரியான டைப்பும் இருந்தால் கம்பைலரே சொல்லியிருக்கும். பட்டியல் வராமலும் போகலாம் என்று தெரிந்தால், ?? போட்டு வெற்று அரேயை மாற்றாக வையுங்கள், இப்படி:

[...பழையவை, ...(புதியவை ?? [])]

கடைசியில் உறுப்புகளைச் சேர்க்கும் புஷ் (push), இருக்கும் அரேயையே மாற்றும். திரை அமைக்கும் லைப்ரரியான ரியாக்டின் ஸ்டேட்டில் (திரையில் காட்டும் தரவு) இதைச் செய்தால் திரை புதுப்பிக்காமல் போகலாம். ஃபங்ஷனுக்குள் வரும் அரேக்கு, மாற்ற விடாத ரீட்ஒன்லி (readonly) டைப் கொடுத்துவிடுங்கள், புஷ் எழுதினாலே பிழை காட்டும். அப்புறம், புஷ்ஷுக்குள் மூன்று புள்ளி போட்டால் ஒவ்வொரு உறுப்பும் ஓர் ஆர்க்யுமென்ட். லட்சக்கணக்கில் இருந்தால் ஃபங்ஷன் அழைப்புகளுக்கான நினைவகமான ஸ்டாக் நிரம்பி வழியும். அங்கே லூப்தான் சரி.

ஒரே கருத்து இரண்டு பக்கங்களிலும் வந்தால்? ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் வைத்திருக்கும் செட் (Set), எண்களுக்கும் ஸ்ட்ரிங்குகளுக்கும் போதும். ஆப்ஜெக்ட்டுகளில் உள்ளடக்கம் ஒன்றாக இருந்தாலும் இரண்டையும் வைத்துக்கொள்ளும். அவற்றை, ஐடியைச் சாவியாக வைத்து, சாவிக்கு ஒரு மதிப்பு வைத்திருக்கும் மேப்பில் (Map) போடுங்கள். பிந்தைய பதிப்பு நிற்கும், இடம் மட்டும் முதலில் வந்ததுடையது. எனக்கு இது மிகவும் பிடித்த நடத்தை, திருத்திய கருத்து பட்டியலில் இடம் மாறாது.

பல அரேக்கள் ஒரே அரேக்குள் இருந்தால், அவற்றை ஒன்றாகத் தட்டையாக்கும் ஃப்ளாட் (flat), 2019 முதல் மொழித் தரத்தில் இருக்கிறது. அரேயைச் சுற்றிச் சுற்றி ஒரே விடையாகத் திரட்டும் ரெட்யூஸுக்குள் (reduce) மூன்று புள்ளி வேண்டாம், ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்ந்த அத்தனையையும் மறுபடி நகலெடுக்கும்.