பாலிலிருந்து பிளாஸ்டிக் பொத்தான்: வீட்டிலேயே செய்து பார்க்கலாம்

பிளாஸ்டிக் என்றதும் பெட்ரோலியம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதன் ஆரம்பக் கதையில் பெட்ரோலியத்துக்கு வேலையே இல்லை. 1862 லண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் காட்டிய பார்க்கசீனும், பிறகு அமெரிக்காவில் ஜான் வெஸ்லி ஹயாட் உருவாக்கிய செல்லுலாயிடும் தாவர நாரிலிருந்து வந்தவை. 1900 பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்ற கேலலித், பாலிலிருந்து வந்தது. முழுக்கச் செயற்கையான பேக்கலைட்டை லியோ பேக்லேண்ட் உருவாக்கியதே 1907-இல்தான்.

இவற்றில் நம் அடுப்படியில் செய்து பார்க்க ஏற்றது கேலலித் செய்முறையின் முதல் பாதி. ஒரு முறை கையால் பிசைந்து பார்த்தால், பிளாஸ்டிக் எப்படி உருவாகிறது என்பது நன்றாகப் பிடிபடும்.

தேவையானவை

கொழுப்பு நீக்கிய பால் 1 கப் (240 மி.லி.), வெள்ளை வினிகர் 4 தேக்கரண்டி, பழைய மெல்லிய பருத்தித் துணி, ஒரு பல்குச்சி, உப்புத்தாள். கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்துக்கொண்டாலும் சரி. கொழுப்பு நீக்காத கெட்டிப் பால் வேண்டாம். கொழுப்பு உள்ளே மாட்டிக்கொண்டால் பொத்தான் பிசுபிசுப்பாகி, காய்ந்ததும் உதிரும்.

1. பாலைச் சூடாக்குங்கள்

ஆவி பறக்க வேண்டும், கொதி வரக்கூடாது. ஓரத்தில் சிறு குமிழிகள் தெரிந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள்.

2. வினிகரை ஊற்றிக் கிளறுங்கள்

சில நொடிகளில் பால் திரியும். பன்னீர் செய்து பழகியவர்களுக்கு இது புதிதல்ல. பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின். அதன் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கியபடி மிதக்கின்றன. அமிலம் சேர்ந்து பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 4.6-ஐ நெருங்கும்போது அந்த விலக்கம் இல்லாமல் போய், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. நீர் தெளிவாகப் பிரியவில்லை என்றால் இன்னும் ஒரு தேக்கரண்டி வினிகர் விடலாம். கேலலித் ஆலைகளில் அமிலத்துக்குப் பதில் ரென்னெட் என்ற நொதியால் பாலைத் திரித்தார்கள்.

3. வடிகட்டிப் பிழியுங்கள்

கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் துணியில் வடிகட்டி, தண்ணீரில் ஒரு முறை அலசி, முறுக்கிப் பிழியுங்கள். முக்கியமான கட்டம் இதுதான். பொறுமையாகப் பிழிந்து, காய்ந்த துணியில் வைத்து மறுபடியும் அழுத்துங்கள். முதலில் ரப்பர் மாதிரி நழுவும் கட்டி, நீர் போகப் போக விரலில் ஒட்டாமல் திரண்டு வரும்.

4. பிசைந்து வடிவம் கொடுங்கள்

விரிசல் மறையும்வரை பிசையுங்கள். நிறம் வேண்டுமானால் உணவு நிறத்தை இப்போதே சேர்க்க வேண்டும். 4, 5 மி.மீ. தடிமனுக்குத் தட்டி, ஒரு சிறு மூடியால் வட்டமாக வெட்டி, பல்குச்சியால் துளை போடுங்கள். காயும்போது சுருங்கும், அதனால் துளை கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

5. நிழலில் காயவிடுங்கள்

இரண்டு மூன்று நாட்கள் ஆகும். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திக் காய்ந்து வெடித்துவிடும். அவ்வப்போது திருப்பிப் போடுங்கள். ஓரம் மேலே வளைந்தால் லேசான கனம் வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் இளமஞ்சள் நிறத்தில், நகத்தால் கீற முடியாத அளவுக்கு இறுகியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் மினுமினுப்பு வரும்.

6. தண்ணீரில் போட்டுப் பாருங்கள்

ஒரு பொத்தானை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவிடுங்கள். காலையில் உப்பி, மென்மையாகியிருக்கும். 1890-களில் ஹானோவர் அச்சகத்துக்காரர் வில்ஹெல்ம் கிரிஷேவுக்கும் தண்ணீர்தான் தடையாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கழுவி எழுதும் வெள்ளைப் பலகை செய்ய அவர் கேசினை முயன்றார், ஈரத்தை அது தாங்கவில்லை. வேதியியலாளர் அடோல்ஃப் ஸ்பிட்டலருடன் சேர்ந்து அவர் கண்ட வழி ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள். அது புரதச் சங்கிலிகளுக்குக் குறுக்கே பாலம் போட்டு அவற்றைக் கட்டிவிடுகிறது. ஒரு தடித்த பலகை உள்வரை இறுக மாதக்கணக்கில் ஃபார்மலினில் (ஃபார்மால்டிஹைடு கரைந்த நீரில்) ஊற வேண்டியிருந்தது. இறுகிய பிறகு உருக்கி வார்க்க முடியாது என்பதால், பலகையாகவும் கம்பியாகவும் செய்து, கடைந்தும் வெட்டியும்தான் பொத்தான், பேனா, குடைப்பிடி எல்லாம் செய்தார்கள். சாயம் அருமையாகப் பிடித்ததால் பொத்தான்காரர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போனது.

ஃபார்மலின் வேலையை வீட்டில் செய்யவே செய்யாதீர்கள். அதன் ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அது புற்றுநோய் உண்டாக்கும் பொருளும்கூட.

நம் பொத்தானுக்கு இருபுறமும் இரண்டு பூச்சு நகப்பூச்சு போதும். துவைக்கும் சட்டையில் தைக்க வேண்டாம். துணிப்பை, டைரி உறை போன்றவற்றில் தைக்கலாம். மழைக்காலத்தில் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும்.