பிம் மாடலுக்கு மாறும் முன் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும்

பிம், அதாவது கட்டடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக உருவாக்கும் முறைக்கு மாறுவதாக இருந்தால், சாஃப்ட்வேர் லைசென்ஸுக்கு விலை கேட்பதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எம்.இ.பி. (ஏ.சி., மின்சாரம், பிளம்பிங்) ஒருங்கிணைப்பு வேலை பார்க்கும் நான், புதிதாக பிம் பக்கம் வரும் காண்ட்ராக்டர்களிடம் முதலில் சொல்வது இதைத்தான். மாடலும் ஜி.எஃப்.சி. டிராயிங்கும் (கட்டுமானத்துக்கு ஒப்புதலான வரைபடம்) ஒத்துப்போகவில்லை என்றால் எது செல்லும்? கையெழுத்துப் போட்ட டிராயிங்தான் செல்லும், மாடல் வெறும் தகவலுக்கு என்று எழுதியிருந்தால், மாடலை நம்பி ஸ்லீவ் (பைப் போவதற்காக கான்கிரீட்டில் முன்கூட்டியே விடும் வழி) வைத்த காண்ட்ராக்டர்தான் அப்புறம் பீமில் கோர் கட்டிங் (கான்கிரீட்டைத் துளைப்பது) செலவையும் சுமக்க வேண்டும். இதற்கான பதிலை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது எல்.ஓ.டி., அதாவது மாடலில் எவ்வளவு விவரம் இருக்கும் என்பதை 300, 350 என்று எண்ணால் சொல்லும் அளவு. 'முழு மாடல் தருகிறோம்' என்று யாராவது சொன்னால், எந்த அளவுக்கு என்று கேளுங்கள். 4 அங்குல சில்டு வாட்டர் (ஏ.சி.க்கான குளிர்நீர்) பைப்பின் வெளிவிட்டம் சுமார் 114 மி.மீ. சுற்றிலும் 50 மி.மீ. இன்சுலேஷன் போட்டால் 214 ஆகிவிடும். மாடலில் வெறும் பைப் மட்டும் இருந்தால், திரையில் தாராளமாகத் தெரிந்த இடம் சைட்டில் இருக்காது. ஹேங்கர், சப்போர்ட் எல்லாம் எல்.ஓ.டி. 350-ல்தான் வரும். 300-க்குக் காசு கொடுத்துவிட்டு அதை எதிர்பார்க்க முடியாது. டிரெயினேஜ் பைப்பின் சரிவையும் பாருங்கள்: 100-க்கு 1 என்றால் 12 மீட்டர் ஓட்டத்தில் 120 மி.மீ. இறங்கும். ஃபால்ஸ் சீலிங்கின் உயரத்தையே அது மாற்றிவிடும்.

கிளாஷ் ரிப்போர்ட்டில் (மாடலில் எது எதோடு மோதுகிறது என்ற பட்டியல்) பூஜ்யம் வந்துவிட்டதே என்று நிம்மதியாகி விடாதீர்கள். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடக் கட்டடத்தில் சீலிங்குக்கு மேலே எல்லாவற்றையும் மாடலில் கச்சிதமாக அடுக்கிவிட்டார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட வரிசையில் பொருத்தினால்தான் அது உள்ளே அடங்கும் என்பதை காண்ட்ராக்டரிடம் சொல்லவில்லை. பாதிக்கு மேல் பொருத்திய பிறகு இடம் தீர்ந்துபோனது. விவகாரம் வழக்கு வரை போனது. ஆகவே எது முதலில் ஏறும், எது பிறகு, வால்வைத் திறக்க ஆள் கை எங்கே நுழையும் என்பதையெல்லாம் ஃபிட்டரை உட்கார வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். எனக்குத் தெரிந்து, எந்த ரிப்போர்ட்டையும் விட அனுபவமுள்ள ஃபிட்டரோடு உட்காரும் ஒரு மணி நேரம் அதிகப் பிழைகளைப் பிடிக்கும்.

மாடல் வரையும் ரெவிட் சாஃப்ட்வேரின் பதிப்பு எது என்பதை எல்லோரும் ஆரம்பத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பில் சேமித்த ஃபைல் பழையதில் திறக்காது. ஆயத்தொலைவுகளும் அப்படித்தான், ஆளுக்கொரு பூஜ்யப் புள்ளி வைத்தால் மாடல்கள் ஒன்றின் மேல் ஒன்று உட்காராது.

சைட்டில் இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. மாடலை மாற்றியிருப்பார்கள், மேஸ்திரி கையில் பழைய பிரிண்ட் இருக்கும். புதிய ரிவிஷன் கொடுக்கும்போது பழையதை எண்ணித் திரும்ப வாங்க ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். பிம் தகவல்களைக் கையாள்வதற்கான ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை சொல்லும் ஃபைல் நிலைகளைப் பின்பற்றினாலும் இந்த ஆள் வேண்டும்.

முதல் முறை என்றால் முழுக் கட்டடத்தையும் எடுக்காதீர்கள். ஏ.ஹெச்.யு. (ஏ.சி. காற்றைக் கையாளும் யூனிட்) அறை, டாய்லெட் ஷாஃப்ட், பேஸ்மென்ட் பம்ப் ரூம், இவற்றோடு தொடங்குங்கள். நெரிசலும் அங்கேதான், மாடலால் கிடைக்கும் லாபமும் அங்கேதான்.