கேம்ஷாஃப்டைத் தின்னும் முதல் இருபது நிமிடம்

பழைய ஷெவ்ரோலே, ஃபோர்டு, டாட்ஜ் வண்டிகளில் புதிதாகக் கைவைப்பவர்கள் ஒரே பள்ளத்தில்தான் வரிசையாக விழுகிறார்கள். ஜாக் ஸ்டாண்டு இல்லாமல் அடியில் படுக்காதே, கழற்றும் ஒயருக்கு அடையாளச் சீட்டு ஒட்டு என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவை தெரிந்தும் செய்பவருக்கு யார் சொல்லியும் பயனில்லை. எல்லாம் சரியாகத்தானே செய்தோம் என்று நம்பிக்கொண்டே காசைக் கரியாக்கும் தவறுகள்தான் இங்கே விஷயம்.

புது கேமை ஐடிலில் ஓடவிடுவது

ஷெவ்ரோலே 350 இன்ஜின் ஒன்றுக்குப் புது கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) போட்டாகிவிட்டது. சனிக்கிழமை மாலை, சுற்றிலும் நண்பர்கள், கையில் போன் கேமரா. இன்ஜின் பிடிக்கிறது. உடனே ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு, அந்தக் ‘கடகட’ ஐடில் சத்தத்தை ரசிக்கிறார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தானே கேமே வாங்கியது! பிறகு கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகித் திருகி பத்து நிமிடம். ஆயில் பிரஷர் 60 காட்டுகிறது, எல்லாருக்கும் நிம்மதி. கேமின் கதை அதற்குள் முடிந்திருக்கும்.

1980களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான அமெரிக்க வி8 இன்ஜின்களில், கேமின் மேல் உட்கார்ந்து வால்வ் பக்கம் தள்ளும் உருளையாக இருப்பது ஃப்ளாட் டேப்பட் லிஃப்டர். பெயரில்தான் ஃப்ளாட். அதன் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியாத அளவு குவிந்திருக்கும். கேம் லோபும் (லிஃப்டரைத் தூக்கும் புடைப்பு) அகலவாக்கில் மிக லேசாகச் சரிந்திருக்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் லிஃப்டரைத் தன் துளைக்குள் சுழல வைக்கின்றன. சுழன்றால் தேய்மானம் பரவும். சுழலாவிட்டால் ஒரே இடத்தில் உரசி, லோபின் மூக்கு மழுங்கிப்போகும்.

பிரஷர் கேஜைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். லோபுக்கும் லிஃப்டர் அடிக்கும் ஆயில் பம்ப் நேராக எண்ணெய் அனுப்புவதில்லை. கிராங்க்ஷாஃப்ட் சுழலும் வேகத்தில் தெறிக்கும் எண்ணெய்தான் அந்த இடத்துக்குப் போகிறது. ஐடிலில் அது போதாது. போதாததற்கு, வேகம் குறைவாக இருக்கும்போதுதான் வால்வ் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் லோபின் மூக்கில் இறங்கும். எண்ணெய் குறைவு, அழுத்தம் அதிகம், உலோகம் புதிது. வேறென்ன நடக்கும்?

எனவே இன்ஜின் பிடித்த நொடியே 2000 ஆர்பிஎம்முக்கு ஏற்ற வேண்டும். 2000-க்கும் 2500-க்கும் இடையில் மாற்றி மாற்றி, 20 முதல் 30 நிமிடம். நடுவில் எங்காவது ஒழுகினாலோ சூடேறினாலோ ஐடிலுக்கு இறக்கிப் பார்க்கக் கூடாது. சாவியைத் திருப்பி அணைத்து, சரிசெய்து, மறுபடி நேராக 2000. ரேடியேட்டர் முன்னால் ஒரு பெரிய மின்விசிறியை வைப்பது நல்லது. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குக் காற்று வராது.

இந்த அரைமணி நேரம் ஒழுங்காக நடக்க வேண்டுமானால் பாதி வேலை சாவியைத் தொடுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்:

லோபுகளிலும் லிஃப்டர் அடியிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். லிஃப்டரின் பக்கவாட்டில் வேண்டாம், அங்கே வெறும் இன்ஜின் ஆயில் போதும். பேஸ்ட் அப்பினால் சுழற்சியே தடைபடும்.

புது கேமுக்குப் புது லிஃப்டர், இதில் பேரமே கிடையாது. பழையது தேய்ந்து தட்டையாகியிருக்கும், சில சமயம் குழிந்தும் இருக்கும். இரண்டு லிஃப்டர்களை அடியோடு அடி வைத்துப் பாருங்கள். புதியவை லேசாக ஆடும். ஆடாதவற்றைக் குப்பையில் போடுங்கள்.

ஸ்பிரிங் இரட்டையாக இருந்தால் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு பிரேக்-இன் (இந்த முதல் அரைமணி ஓட்டம்) செய்து, பிறகு போடுங்கள். சலிப்பான வேலைதான். இரண்டாவது கேம் வாங்குவதைவிடச் சலிப்பு குறைவு.

டிஸ்ட்ரிபியூட்டரை (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் பாகம்) எடுத்துவிட்டு, டிரில் கொண்டு ஆயில் பம்பைச் சுழற்றி, எல்லா ராக்கர்களிலும் (வால்வை அழுத்தும் கைகள்) எண்ணெய் வரும்வரை பிரைம் செய்யுங்கள். சிறிய பிளாக் ஷெவ்ரோலேயில் டிரில் வலஞ்சுழி, ஃபோர்டு 289, 302-ல் இடஞ்சுழி. ஷெவ்ரோலேயில் வெறும் கம்பியைச் செருகினால் போதாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடல்தான் அங்கே எண்ணெய்ப் பாதையை மூடுகிறது. அந்த இடத்தை அடைக்கும் பட்டை உள்ள பிரைமிங் டூல் வேண்டும்.

இன்ஜின் உடனே பிடிக்க வேண்டும். ஸ்டார்ட்டரை ‘கிர்ர் கிர்ர்’ என்று ஐந்து நிமிடம் ஓட்டினால் தடவிய பேஸ்ட் முழுவதும் வழிந்துவிடும். கார்புரேட்டர் பவுலை முன்பே பெட்ரோலால் நிரப்புங்கள். டைமிங்கை 10 அல்லது 12 டிகிரி முன்னால் வைத்துவிடுங்கள்.

ஆயில் விஷயத்துக்கு வருவோம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கிறது என்று, தேய்மானத்தைத் தடுக்க ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸைக் குறைத்துவிட்டார்கள். 2004-ல் வந்த ஏபிஐ (அமெரிக்க பெட்ரோலிய நிறுவனம்) எஸ்எம் ஆயில் தரத்தில், 5W-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு உச்சவரம்பு 800 பிபிஎம் (பத்து லட்சத்தில் 800 பங்கு). ஃப்ளாட் டேப்பட்டுக்கு 1200-க்கு மேல் வேண்டும். கடையில் சலுகை விலையில் கிடைக்கும் சிந்தெடிக்கை ஊற்றாமல், பிரேக்-இன் ஆயில் என்றே விற்பதை வாங்குங்கள். அரைமணி நேரம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஃபில்டரை அறுத்து மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை வரும், அது பேஸ்ட். மினுமினுப்பு நிறைய இருந்தால் அது லோப்.

கெட்டுப்போன கேம் உடனே கத்தாது. சில நூறு மைல் கழித்து ஒரு டிக்டிக் சத்தம், பிறகு கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று வெடிக்கும். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்து வால்வ் சரியாகத் திறக்காததால், புகை வந்த வழியே திரும்புகிறது. எல்லாரும் கார்புரேட்டரைப் பிரிப்பார்கள், டைமிங்கை நோண்டுவார்கள். அதற்குள் இரும்புத்தூள் எண்ணெயோடு போய் பேரிங்குகளைக் கீறியிருக்கும். கேமும் லிஃப்டரும் மட்டும் மாற்றித் தப்பிக்க முடியாது. முழு இன்ஜினையும் பிரித்துக் கழுவ வேண்டும்.

புள்ளிக்குப் புள்ளி வைத்து டிஸ்ட்ரிபியூட்டர் போடுவது

சிறிய பிளாக் ஷெவ்ரோலேயில் டைமிங் செயின் போடும்போது கேம் கியரின் புள்ளி கீழே, கிராங்கின் புள்ளி மேலே, இரண்டும் நேருக்கு நேர். சரி. ஆனால் அந்த நிலையில் தீப்பற்ற வேண்டியது 6-ம் சிலிண்டர், 1-ம் சிலிண்டர் அல்ல. இதைத் தெரியாமல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டரை 1-க்கு நேராக வைத்தால் 180 டிகிரி தவறு. இன்ஜின் பிடிக்காது, ஸ்டார்ட்டர் ஓடும், பேஸ்ட் வழியும். கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி, இரண்டு புள்ளியும் மேலே வந்தபின் போடுங்கள்.

புஷ்ராடை விரலால் உருட்டி லாஷ் பார்ப்பது

லாஷ் என்பது புஷ்ராடுக்கும் (லிஃப்டரிலிருந்து ராக்கருக்குப் போகும் கம்பி) ராக்கருக்கும் இடையிலுள்ள ஆட்டம். உருட்டினால் இறுக்கம் தெரிவதற்குள் லிஃப்டரின் உள் பிளஞ்சர் அமுங்கிவிடும். மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற இடம் பூஜ்யம், அங்கிருந்து ராக்கர் நட்டை அரைச் சுற்று இறுக்கினால் போதும்.

டிரம் பிரேக் மாஸ்டரோடு டிஸ்க் பிரேக்

1966 வரை பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடலை மிதித்தால் பிரேக் திரவத்தைத் தள்ளும் பாகம்) ஒரே அறைதான். ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. முன்சக்கரத்துக்கு டிஸ்க் மாற்றும்போது இதையே வைத்துக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிரம் மாஸ்டரின் வாயில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தேக்கும் வால்வ் இருக்கும். அது டிஸ்க் பேடை விடாமல் பிடித்துச் சக்கரத்தைச் சூடாக்கும். இரண்டு அறை மாஸ்டர் வாங்குங்கள். மிதிப்பதை எளிதாக்கும் பூஸ்டர் இல்லாத வண்டிக்கு 1 அங்குலத் துளை போதும், 1⅛ போட்டால் பெடல் கல்லாகிவிடும். டாட் 5 சிலிக்கான் பிரேக் திரவத்தை டாட் 3-உடன் கலக்காதீர்கள்.

க்ரைஸ்லரின் இடது சக்கர நட்

1960களின் க்ரைஸ்லர், டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் இடதுபக்க ஸ்டட்டில் ‘எல்’ முத்திரை இருந்தால் அது இடமரை. வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும்.

சூடேறுகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது

வேண்டாம். காணாமல் போன ஃபேன் ஷ்ரவுடை (விசிறியைச் சுற்றியுள்ள கூடு) தேடிப் போடுங்கள்.

எச்இஐ டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பழைய ஒயர்

பழைய பாயின்ட் இக்னிஷனில் காயிலுக்குப் போகும் ஒயரில் மின்தடை இருக்கும், ஓடும்போது 12 வோல்ட் முழுதாக வராது. மின்னணு இக்னிஷனான எச்இஐ-க்கு முழு 12 வேண்டும். பியூஸ் பாக்ஸிலிருந்து புது ஒயர் இழுங்கள்.

பழைய பெட்ரோல் ஹோஸ்

எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தக்கால ரப்பரை உள்ளிருந்து இளக்கும். வெளியே பளபளவென்று இருக்கும் ஹோஸ்தான் கார்புரேட்டர் அருகே, சூடான இன்டேக் மேல் கசியும். டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள துண்டையும் மறக்காமல் மாற்றுங்கள். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.