ரயில் வண்டிகளின் காற்று பிரேக்கைச் சோதிக்கும் முறை

இந்திய ரயில்வேயின் கோச்சுகளிலும் பல வேகன்களிலும் இரட்டைக் குழாய் காற்று பிரேக் பொருத்தப்பட்டிருக்கிறது. பிரேக்கை இயக்கும் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோவும், கலன்களுக்குக் காற்று நிரப்பும் ஃபீட் பைப்பில் 6 கிலோவும் அழுத்தம் இருக்க வேண்டும். பிரேக் பைப்பில் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக் விலகியே நிற்கும். அழுத்தம் இறங்கியதும் ஒவ்வொரு வண்டியிலும் உள்ள டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு அதை உணர்ந்து, துணைக் கலனில் சேமித்திருக்கும் காற்றை பிரேக் சிலிண்டருக்குள் விடும். ஆகவே பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடாது. எத்தனை வினாடியில் பிடிக்கிறது, பிடித்தது நிலைத்து நிற்கிறதா, விடும்போது முழுவதுமாக விடுகிறதா என்பவற்றையும் அளந்தாக வேண்டும்.

முதலில் தனி வண்டியைச் சோதிக்க வேண்டும். பிரேக்கை விடுவித்துச் சோதிக்கும் நேரத்தில் வண்டி உருளக்கூடும் என்பதால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வண்டிகளை இணைக்கும் ரப்பர் குழாயான ஹோஸைக் கழற்றுவதற்கு முன், குழாய் முனையில் உள்ள அடைப்பானாகிய ஆங்கிள் காக்கை மூடி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். அழுத்தத்தோடு கழலும் ஹோஸ் சாட்டையைப்போல் வீசி ஆளைக் காயப்படுத்தும். பிரேக் கட்டைகளின் தேய்மானத்தையும் கட்டைகளை இயக்கும் கம்பி இணைப்புகளான பிரேக் ரிக்கிங்கின் பின்கள் இருக்கின்றனவா என்பதையும் காற்று ஏற்றுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது. சோதனைக் கருவியை ஒரு முனையில் இணைத்து, மறுமுனையின் ஆங்கிள் காக்குகளை மூடி, கலன்கள் நிரம்பும்வரை சில நிமிடங்கள் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைச் சுருக்கினால் பின்னால் வரும் அளவுகள் அனைத்தும் பிழையாகும்.

அடுத்தது கசிவுச் சோதனை. காற்று வரத்தை நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் அளவுமானியைக் கவனியுங்கள். வரத்து திறந்தே இருந்தால், கசியும் காற்றை கம்ப்ரஸர் உடனுக்குடன் ஈடுசெய்துவிடும். முள் அசையாது, கசிவும் தெரியாது. தனி வண்டியில் ஒரு நிமிடத்தில் 0.1 கிலோவுக்கு மேல் அழுத்தம் இறங்கக்கூடாது. ஒன்றாகக் கோத்த வண்டித் தொடரை ரேக் என்பார்கள்; சரக்கு ரேக் முழுவதற்கும் நிமிடத்துக்கு 0.25, பயணிகள் ரேக்குக்கு 0.2 என்பவை வரம்புகள். கசிவு மிகுந்தால் இணைப்புகளில் சோப்பு நீரைத் தடவிப் பாருங்கள். ஹோஸ் கப்ளிங்கின் ரப்பர் வளையமே பெரும்பாலும் குற்றவாளியாக இருக்கும்.

பிறகு வால்வின் உணர்திறன். பிரேக் பைப் அழுத்தத்தை 6 வினாடிகளில் 0.6 கிலோ இறங்கும் வேகத்தில் குறைத்தால் பிரேக் பிடித்தாக வேண்டும். அதையே 60 வினாடிகளில் 0.3 கிலோ என்று மெல்லக் குறைத்தால் பிடிக்கவே கூடாது. இரண்டாவது சோதனையைத் தேவையற்றதென்று பலர் தாண்டிவிடுகிறார்கள், அது தவறு. சிறு கசிவுக்கெல்லாம் பிடித்துக்கொள்ளும் வால்வு, ஓட்டத்தில் யாருக்கும் தெரியாமல் பிரேக்கை இழுத்துப் பிடித்துச் சக்கரத்தைச் சூடாக்கும்.

இப்போது அழுத்தத்தை 1.3 முதல் 1.6 கிலோ வரை குறைத்து முழு பிரேக் போடுங்கள். சிலிண்டரில் 3.8 கிலோ ஏற வேண்டும். ஏற்ற இறக்கம் 0.1. பிரேக் பைப்பை முற்றிலும் காலி செய்து அவசர பிரேக் போட்டாலும் சிலிண்டரில் அதே 3.8 தான் காட்டும் என்பது புதியவர்களுக்கு வியப்பளிக்கும். அவசர பிரேக்கில் கிடைப்பது கூடுதல் வலு அன்று, விரைவு மட்டுமே. சிலிண்டர் நிரம்பும் நேரம் கோச்சுக்கு 3 முதல் 5 வினாடி, சரக்கு வேகனுக்கு 18 முதல் 30 வினாடி. விடும் நேரத்தை 3.8 கிலோவிலிருந்து 0.4 கிலோவுக்கு இறங்கும்வரை அளக்க வேண்டும். அது கோச்சுக்கு 15 முதல் 20 வினாடி, வேகனுக்கு 45 முதல் 60 வினாடி.

வேகனை வேண்டுமென்றே மெதுவாகப் பிடிக்கும்படி அமைத்திருப்பதற்குக் காரணம் ரயிலின் நீளம். பாக்ஸ்என் எனப்படும் மேல் திறந்த சரக்கு வேகன்கள் 59 சேர்ந்த ரேக் சுமார் 630 மீட்டர் நீளும். அழுத்தம் குறைந்த செய்தி வினாடிக்கு 250 மீட்டர் வேகத்தில் சென்றால்கூட கடைசி வேகனை எட்ட இரண்டரை வினாடி ஆகும். அதற்குள் முன் வேகன்கள் இறுகப் பிடித்துவிட்டால் பின்னால் வரும் ஆயிரக்கணக்கான டன் சரக்கு அவற்றின் மேல் மோதும். எனவே, 10 வினாடியில் நிரம்பும் வேகனை ‘நல்ல பிரேக்’ என்று பாராட்டாமல் பழுது என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேக் பிடித்திருக்கும்போதே பிஸ்டன் நகர்வை அளந்துவிடுங்கள். பாக்ஸ்என் வேகனில், சரக்கு இருப்பதற்கேற்ப பிரேக் வலுவை மாற்றும் கைப்பிடி காலி நிலையில் இருந்தால் 85 மில்லிமீட்டர், பார நிலையில் 130 மில்லிமீட்டர், இரண்டுக்கும் 10 கூடலாம், குறையலாம். நகர்வு அதிகமாக இருந்தால், கட்டை தேய்வதால் வரும் இடைவெளியை ஈடுசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரைப் பாருங்கள். அளவுமானி 3.8 காட்டியும் கட்டை சக்கரத்தில் படியாமல் இருக்கலாம் என்பதால், ஒவ்வொரு கட்டையையும் நேரில் பார்க்காமல் பதிவேட்டில் கையெழுத்திடக்கூடாது.

ரேக் முழுவதையும் கோத்தபின் சோதனையை வால் முனையிலிருந்து நடத்த வேண்டும். நடுவில் ஒரே ஒரு ஆங்கிள் காக் மூடியிருந்தால்கூட அதற்குப் பின்னுள்ள வண்டிகள் அனைத்துக்கும் லோகோ பைலட்டின் பிரேக் போய்ச் சேராது. லோகோவின் அளவுமானியோ வழக்கம்போல் 5 காட்டிக்கொண்டிருக்கும். முன்னால் 5 இருக்கையில், 59 வேகன் கொண்ட நீண்ட சரக்கு ரேக்கின் கடைசி வண்டியான பிரேக் வேனில் 4.7-க்குக் குறையக்கூடாது. லோகோ பைலட் அழுத்தத்தைக் குறைக்கும்போது கடைசி அளவுமானி இறங்குவதை ஒருவர் பார்க்க வேண்டும். பின்னர் பிரேக் வேனிலிருந்து காற்றைத் திறந்துவிட்டு, லோகோவில் முள் இறங்குவதை உறுதிசெய்ய வேண்டும்.

நின்ற நிலைச் சோதனைகளில் தேறிய வண்டிக்கே ஓட்டச் சோதனை. புதிய வகை கோச்சுகளுக்கு லக்னோவில் உள்ள ரயில்வே ஆய்வு நிறுவனமான ஆர்.டி.எஸ்.ஓ. இச்சோதனையை நடத்துகிறது; பெரம்பூர் ஐ.சி.எஃப். கோச்சுத் தொழிற்சாலையில் உருவான முதல் வந்தே பாரத் 2018 இறுதியில் கோட்டா பகுதியில் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தொட்டுச் சோதிக்கப்பட்டது. வளைவில்லாத, கூடியவரை சமதளமான பாதையைத் தேர்ந்தெடுத்து, பிரேக் கட்டைகள் சக்கரத்தில் நன்றாகப் படியும்வரை ஓட்டிப் பழக்கி, அவை குளிர்ந்தபின் தொடங்குங்கள். காலியாகவும், பயணிகளின் எடைக்கு ஈடாக மணல் மூட்டைகளை ஏற்றியும் தனித்தனியே ஓட்ட வேண்டும். குறித்த வேகத்தில் அவசர பிரேக் போட்டு, அந்தக் கணத்திலிருந்து வண்டி நிற்கும்வரையான தூரத்தை அளந்து, பலமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள்.

அளந்த தூரத்தை அப்படியே எழுதிவிடக்கூடாது. மணிக்கு 110 கிலோமீட்டரில் தொடங்க எண்ணி 112-இல் தொடங்கி 1,010 மீட்டரில் நின்றதாகக் கொள்வோம். நிற்கும் தூரம் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதால், 1,010-ஐ 110/112-இன் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். விடை 974 மீட்டர். பாதைச் சரிவும் இப்படியே ஏமாற்றும். 400-க்கு 1 என்ற இறக்கத்தில், 110 வேகத்திலிருந்து 1,000 மீட்டரில் நிற்கும் வண்டி, சமதளத்தில் சுமார் 950 மீட்டரிலேயே நின்றிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத இறக்கம் 50 மீட்டரை விழுங்கிவிடுகிறது.

டிஸ்க் பிரேக் உள்ள எல்.எச்.பி. எனப்படும் ஜெர்மானிய வடிவமைப்புக் கோச்சுகளில் சக்கரம் வழுக்காமல் காக்கும் அமைப்பையும் தனியே சோதிக்க வேண்டும். அதற்காகத் தண்டவாளத்தில் சோப்புக் கரைசலைத் தெளித்து வேண்டுமென்றே வழுக்கலை உண்டாக்குவார்கள். இறுகிப்போய்ச் சறுக்கும் சக்கரத்தை விட உருண்டுகொண்டே பிடிபடும் சக்கரமே வண்டியை விரைவில் நிறுத்தும் என்பதை பிரித்தானியப் பொறியாளர் டக்ளஸ் கால்டனும் காற்று பிரேக்கைக் கண்டுபிடித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸும் 1878-இல் இங்கிலாந்தின் பிரைட்டன் அருகே நடத்திய சோதனைகளில் அளந்து காட்டினார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சக்கரங்களின் வெப்பத்தை வெப்பமானியால் பாருங்கள். ஒன்று மட்டும் தனியே கொதித்தால் அந்த பிரேக் விடவில்லை என்று பொருள். கூடவே சக்கரத்தில் தட்டை விழுந்திருக்கிறதா என்றும் அளக்க வேண்டும்; அதன் நீளம் கோச்சில் 50, சரக்கு வேகனில் 60 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்தச் சக்கரத்தைக் கடைசலுக்கு அனுப்பாமல் அடுத்த ஓட்டத்தைத் தொடங்காதீர்கள்.