பழைய பாம் கருவியில் தரவு இருக்கிறதா? ஹாட்சிங்க் பொத்தானில் கை வைக்காதீர்கள்

இழுப்பறையில் கிடந்த பாம் கருவியை (முகவரியும் நாட்குறிப்பும் வைத்துக்கொள்ளும் பழைய கையடக்கக் கணினி) தூசி தட்டி எடுத்துவந்து, "இதில் பத்து வருஷக் கணக்கு இருக்கிறது, எப்படியாவது எடுத்துக் கொடுங்கள்" என்று யாராவது நின்றால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இங்கே வருவதற்கு முன்னால் என்னென்ன செய்து பார்த்தீர்கள்?" சொல்லத் தயங்கினாலே பாதி புரிந்துவிடும். நான் எந்தப் பள்ளத்தில் விழுந்தேனோ அதே பள்ளம், அதே இடம். கருவி செய்தவர்களும் போய்விட்டார்கள், மென்பொருள் எழுதியவர்களும் போய்விட்டார்கள். பள்ளத்தை மட்டும் யாரும் மூடவில்லை.

(பாம் என்று தமிழில் எழுதினால் வெடிகுண்டு மாதிரி இருக்கிறது என்று ஒரு நண்பர் சொன்னார். சில நாட்களில் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.)

சார்ஜ் இல்லாமல் ஆரம்பிப்பது, கேபிள் மாற்றிச் செருகுவது போன்றவற்றை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிட்டு, தரவையே தொலைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

காலியான கருவியை சிங்க் செய்வது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். (ஹாட்சிங்க், சுருக்கமாக சிங்க், என்பது கருவியில் இருப்பதையும் கணினியில் இருப்பதையும் ஒன்றுபோல ஆக்கும் வேலை.)

பழைய பாம் கருவிகளில் உங்கள் தரவு முழுக்க ரேமில் இருக்கும். பேட்டரி முழுதாக இறங்கினால் தரவும் போச்சு. மின்சாரம் இல்லாமலும் தரவைத் தாங்கும் நினைவகம் 2004இல் ட்ரியோ 650, டங்ஸ்டன் டி5 ஆகியவற்றோடுதான் பாமுக்கு வந்தது. அதற்கு முந்தைய கருவி மாதக்கணக்கில் இழுப்பறையில் கிடந்திருந்தால், சார்ஜ் போட்டதும் "இந்தக் குறியைத் தொடுங்கள்" என்று திரையைச் சரிபார்க்கச் சொல்லும். புதிதாக வாங்கியபோது பார்த்த அதே திரை. அது வந்துவிட்டால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்த நிமிஷத்திலிருந்து, கணினியில் இருக்கும் பழைய பிரதிதான் உலகத்திலேயே மிச்சமிருக்கும் ஒரே பிரதி.

எனக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தேன். "கணினியில்தான் எல்லாம் இருக்கிறதே, ஒரு சிங்க் போட்டால் கருவிக்குத் திரும்பி வந்துவிடும்" என்று தொட்டிலில் (கருவியைக் கணினியோடு இணைக்கும் தாங்கி) வைத்து ஹாட்சிங்க் பொத்தானை அழுத்தினேன். பொதுவாக அப்படித்தான் திரும்பி வரும். நான் மறந்தது வேறொன்று. அதற்குச் சில மாதம் முன்னால் முகவரிகள் எல்லாம் இரண்டிரண்டாக வந்து தொல்லை கொடுத்தன. அதைச் சரிசெய்ய ஹாட்சிங்க் மேலாளரில் "கருவியில் இருப்பதைக் கணினியின் மேல் எழுது" என்று மாற்றி, அதையே நிரந்தர அமைப்பாகவும் சேமித்துவைத்திருந்தேன். சொன்னதை அது சொன்னபடியே செய்தது. கருவியில் இருந்த வெறுமையை எடுத்துக் கணினியின் மேல் எழுதியது. முகவரி, நாட்குறிப்பு இரண்டும் பூஜ்யம்.

சரி, அதோடு நிறுத்தியிருந்தாலாவது தப்பித்திருப்பேன். கணினியில் இருக்கும் பாம் டெஸ்க்டாப் மென்பொருள் முந்தைய நிலையை .பேக் என்று முடியும் கோப்பாக ஒரு தலைமுறைக்கு வைத்திருக்கும். நான் என்ன செய்தேன்? கண்ணை நம்ப முடியாமல் மறுபடியும் பொத்தானை அழுத்தினேன். அந்த ஒரு தலைமுறையும் போனது.

ஜேஃபைல் என்ற தரவுத்தளச் செயலியில் வைத்திருந்த பட்டியல் மட்டும் தப்பியது, அதுவும் என் புத்திசாலித்தனத்தால் அல்ல. முகவரி, நாட்குறிப்பு, குறிப்பேடு போன்றவற்றுக்குத் தனித்தனி கண்டூயிட் (சிங்க் செய்யும்போது தரவைக் கடத்தும் துணைநிரல்) உண்டு. அவற்றின் கோப்புகள் பயனர் ஃபோல்டருக்குள் தத்தம் துணைஃபோல்டரில் உட்காரும். கண்டூயிட் இல்லாத தரவுத்தளங்கள், பேக்கப் அடையாளம் போடப்பட்டிருந்தால், அப்படியே பி.டி.பி. கோப்புகளாக (பாமின் தரவுத்தளக் கோப்பு வடிவம்) பேக்கப் ஃபோல்டருக்குப் போகும். நான் மாற்றிய அமைப்பு அந்த ஃபோல்டரைத் தொடவில்லை.

இப்போதெல்லாம் நான் செய்யும் வரிசை இதுதான். கணினியில் பாம் ஃபோல்டர் முழுவதையும் வேறொரு வட்டுக்கு நகலெடுப்பேன். கோப்புகளின் தேதியையும் அளவையும் பார்ப்பேன்: நானூறு பேர் இருக்கவேண்டிய முகவரிக் கோப்பு ஒன்றிரண்டு கிலோபைட் என்றால், யாரோ எனக்கு முன்னால் பொத்தானை அழுத்திவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கருவி. அதற்கு உயிர் இருந்தால் ஹாட்சிங்க் பக்கமே போகமாட்டேன்; லினக்ஸில் பைலட்-லிங்க் தொகுப்பில் உள்ள பைலட்-எக்ஸ்ஃபர் நிரலை வைத்துத் தரவுத்தளங்களை வெறும் நகலாக இழுத்துக்கொள்வேன். எந்தப் பக்கத்தை நம்புவது என்ற கேள்வியே அதில் எழாது. மெமரி கார்டு துளை இருந்தால் கார்டிலும் ஒரு பிரதி. கார்டு 2 ஜிபிக்கு உள்ளேயே இருக்கட்டும், பழைய கருவிகளுக்கு அதற்கு மேல் தெரியாது.

செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவது

கைபேசியில் பழகிய பழக்கம். ஒரு செயலி திறக்கவில்லையா, தூக்கிவிட்டுப் புதிதாகப் போடு. பாமில் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் "கிரியேட்டர் ஐடி" என்று நாலெழுத்து அடையாளம் உண்டு. முகப்புத் திரையில் செயலியை அழித்தால், அதே நாலெழுத்து உள்ள தரவுத்தளங்களும் சேர்ந்தே போகும். களஆய்வுக் குறிப்புகள் நிறைந்த கருவியோடு வந்த ஒருவர் இதைச் செய்துவிட்டு, "செயலியை மட்டும்தானே நீக்கினேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேக்கப் ஃபோல்டரில் இரண்டு வருஷம் பழைய பிரதி கிடைத்தது. மீதி கிடைக்கவில்லை.

ஹாட்சிங்க் பயனர் பெயரை மாற்றுவது

மாற்றாதீர்கள். பல செயலிகளின் பதிவு எண் அந்தப் பெயரை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது; புது எண் கொடுக்க இன்று ஆள் இல்லை.

பேட்டரியை நிதானமாக மாற்றுவது

பென்சில் பேட்டரிக் கருவியில் உள்ளே ஒரு கெபாசிட்டர் சுமார் ஒரு நிமிடம்தான் தாங்கும். புதியதைக் கையில் வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றுங்கள்.

பி.டி.பி. என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைப்பது

பி.டி.பி. என்பது டப்பா. உள்ளே சர்க்கரையா உப்பா என்று டப்பா சொல்லாது. ஜேஃபைல், ஹேன்டிபேஸ், மொபைல்டிபி மூன்றும் பி.டி.பி.தான், உள்ளே மூன்றும் மூன்று பாஷை. தலைப்பகுதி 78 பைட். அதன் முதல் 32 பைட் தரவுத்தளத்தின் பெயர். கோப்பின் பெயரை நீங்கள் என்னவாக மாற்றினாலும் இந்த உள்பெயர் மாறாது. வகையும் கிரியேட்டரும் நாலு நாலு எழுத்தாக அதே தலைப்பகுதியில் இருக்கும். எந்தச் செயலி எழுதியது என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, அப்புறம் அதற்கேற்ற மாற்றியைத் தேடுங்கள். சிலவற்றை பாம்-டிபி-டூல்ஸ் நேராக சி.எஸ்.வி.யாக (எக்செல் போன்றவை திறக்கும் எளிய அட்டவணைக் கோப்பு) மாற்றிக்கொடுக்கும்.

சொந்தமாக நிரல் எழுதிப் படிக்கிறவர்கள் தடுக்கிவிழும் இடம் பைட் வரிசை. பழைய பாம் கருவிகள் மோட்டரோலா 68000 குடும்பத்துச் சில்லில் ஓடியவை, பெரிய பைட் முதலில் வரும். நாட்குறிப்பில் ஒரு தேதி இரண்டே பைட்டில் அடங்கும்: 1904இலிருந்து எத்தனையாவது வருஷம் என்பதற்கு 7 பிட், மாதத்துக்கு 4, நாளுக்கு 5. 202, 207 என்று இரண்டு பைட் இருந்தால் அது 2005 ஜூன் 15. திருப்பிப் படித்தால் 2007ஆம் வருஷம், பதினாலாவது மாதம், பத்தாம் தேதி. பதினாலாவது மாதம் வந்தால் சிரித்துவிட்டு வரிசையை மாற்றலாம். வம்பு என்னவென்றால், சில தேதிகள் திருப்பிப் படித்தாலும் நம்பும்படியாகவே இருக்கும். கருவித் திரையில் பார்த்து எழுதிவைத்த பத்துப் பதிவுகளோடு ஒப்பிடாமல் நான் யாருக்கும் கோப்பைக் கொடுப்பதில்லை.

எஸ்.டி.எஃப். கோப்பைப் புதிய பதிப்பில் "மேம்படுத்தி" விடுவது

இது விண்டோஸ் மொபைல்காரர்களுக்கு. அந்தப் பக்கமும் கடையை மூடிவிட்டார்கள்: விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்ட் 6.5க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. ஸ்டாக் எடுக்கும் ஸ்கேனர் கருவிகளில் எஸ்.க்யூ.எல். சர்வர் காம்பேக்ட் என்ற தரவுத்தளத்தின் எஸ்.டி.எஃப். கோப்புகள் இன்னும் நிறையக் கிடக்கின்றன. 4.0 பதிப்பு கருவிகளில் ஓடவே ஓடாது, கணினிக்கு மட்டும்தான். கணினியில் 4.0 வைத்து மேம்படுத்தினால், அந்தக் கோப்பை ஸ்கேனர் மறுபடி ஏற்றுக்கொள்ளாது. திரும்பி வரும் வழியும் இல்லை.

எந்தப் பதிப்பு என்று திறக்காமலே பார்க்கலாம். முதல் 16 பைட்டைத் தாண்டி, அடுத்த நாலு பைட்டை ஓர் எண்ணாகப் படியுங்கள் (இங்கே சிறிய பைட் முதலில், பாமுக்கு நேர் எதிர்). 3505053 என்றால் 3.5, 4000000 என்றால் 4.0. பிரதியில் செய்யுங்கள் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

64 பிட் விண்டோஸில் பாமின் யூ.எஸ்.பி. டிரைவரோடு மல்லுக்கட்டுவது

ஒரு மாலையை வீணாக்கலாம், ஒரு வாரத்தை வேண்டாம். கருவியில் ப்ளூடூத் இருந்தால் அதில் போங்கள், இல்லையென்றால் லினக்ஸ்.

சி.எஸ்.வி. வந்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவது

பதிவுகளின் சொற்கள் வந்திருக்கும். அவற்றைச் சுற்றி இருந்தவை வந்தனவா என்று பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பைட் அடையாளம் உண்டு. அதன் கீழ் நாலு பிட்டில் பிரிவு எண் இருக்கும். பிரிவுகளின் பெயர்கள் கோப்பின் வேறொரு மூலையில் கிடக்கும். அவசர மாற்றிகள் இரண்டையும் கோட்டைவிடும். கடன்காரர்களும் உறவினர்களும் ஒரே பட்டியலாக வந்து நிற்பார்கள்.

அதே பைட்டில் 128 என்றால் அழிக்கப்பட்ட பதிவு. காப்பகப் பிரதி வேண்டும் என்று குறித்து அழித்திருந்தால், அடுத்த சிங்க் வரை அதன் உள்ளடக்கம் அப்படியே இருக்கும். அலட்சியமான நிரல் அதையும் உயிருள்ள பதிவாகக் காட்டும்.

16 என்றால் ரகசியப் பதிவு. கருவியில் கடவுச்சொல் கேட்கும், கோப்பில் ஒன்றும் கேட்காது. வெறும் எழுத்தாகவே கிடக்கும். ஒருமுறை, காலமான தன் அண்ணனின் கருவியைக் கொண்டுவந்த ஒருவருக்காகக் குறிப்பேட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். 16 போட்ட பதிவுகள் பதினொன்று இருந்தன. முதல் ஒன்றின் முதல் வரி கண்ணில் பட்டதும் திரையை மூடிவிட்டு, அந்தப் பதினொன்றையும் தனிக் கோப்பில் போட்டு, "இவற்றை உங்கள் அண்ணன் மறைத்து வைத்திருந்தார். திறப்பதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்" என்று சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார். திறந்தாரா என்று நான் கேட்கவில்லை.