பள்ளி அலர்ஜி முகாம்: அந்த நோட்டீஸை மட்டும் அச்சடிக்காதீர்கள்

போன மாதம் ஓர் அரசுப் பள்ளியில் அலர்ஜி விழிப்புணர்வு முகாம். நடத்தியவர்கள் புதிய தன்னார்வலர்கள். நான் ஆரம்ப காலத்தில் சொதப்பியதையெல்லாம் வரிசை மாறாமல் செய்தார்கள். மைக் மக்கர் செய்வது, உச்சி வெயிலில் பெற்றோரைக் கூப்பிடுவது எல்லாம் தானே திருந்திவிடும். விட்டுவிடுகிறேன். விட முடியாத தவறுகள் மட்டும் இங்கே.

‘தவிர்க்க வேண்டிய உணவுகள்’ நோட்டீஸ்

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குச் சுர்ரென்று ஏறும். முட்டை, வேர்க்கடலை, பால், கத்தரிக்காய், கருவாடு என்று எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பட்டியல். நானும் அடித்துக் கொடுத்தவன்தான். இரண்டு மாதம் கழித்து அதே பள்ளிக்குப் போனால், சத்துணவு அமைப்பாளர் அக்கா பிடித்துக்கொண்டார்: “நீங்க வந்துட்டுப் போனதுல இருந்து முட்டை மிஞ்சுது சார்.” அரிப்பே இல்லாத பிள்ளைகளும் ஒதுக்கியிருந்தார்கள். சிலருக்கு அன்றைய சாப்பாட்டில் உருப்படியான புரதமே அந்த ஒரு முட்டைதான்.

அரிப்புக்காக முட்டையை நிறுத்தியிருந்த ஓர் ஐந்தாம் வகுப்புப் பெண்ணின் கையை வாங்கிப் பார்த்தேன். விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகக் கொப்புளம்.

“ராத்திரியில அதிகமா?”

“ஆமா சார். தம்பிக்கும் இருக்கு.”

சிரங்கு! மருத்துவர் சொல்கிறபடி வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பெர்மெத்ரின் மருந்து பூசி, ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பூசி, துணிமணியை வெந்நீரில் அலசினால் தீர்கிற சங்கதி. முட்டை என்ன பாவம் செய்தது?

உணவு அலர்ஜி என்றால் பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்போ உதட்டு வீக்கமோ வாந்தியோ வரும். அதே உணவைச் சாப்பிட்டால் திரும்பவும் வரும். இதைக் கேட்டு விசாரிக்காமல் எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். இப்படி வந்த பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புங்கள்; வீட்டில் கொடுத்துப் பார்க்கச் சொல்லவும் கூடாது.

ஒதுக்கிவைத்தால் அலர்ஜி வராது என்று பெரிய மருத்துவர்களே நம்பிய காலம் உண்டு. ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி சொன்னது, 2008-இல் கைவிட்டது. 2015-இல் வெளியான லீப் (LEAP) என்ற வேர்க்கடலை அலர்ஜி ஆய்வில், 4 முதல் 11 மாதத்துக்குள் வேர்க்கடலை உணவைத் தொடங்கிய குழந்தைகளிடம், ஒதுக்கியவர்களைவிட அந்த அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைந்திருந்தது. நம் நோட்டீஸ் மட்டும் இன்னும் 2000-த்திலேயே நிற்கிறது.

எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை

வேண்டாம். அதில் பார்க்கிற ஐ.ஜி.இ. (அலர்ஜியில் கூடும் ரத்தப் புரதம்) குடற்புழு இருந்தாலும் கூடும்.

தூசியைப் பற்றி ஒரு மணி நேரப் பேச்சு

முதலில் வீசிங் உள்ள பிள்ளையின் கையிலிருக்கும் துடைப்பத்தை வாங்குங்கள்.

“இன்ஹேலர் பழகிடும்” என்று பெற்றோர் சொன்னால் தலையாட்டுவது

ஆட்டாதீர்கள்.

அவசரத்துக்கும் செட்டிரிசின்

தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் இந்த அலர்ஜி மாத்திரை போதாது. தொடைத் தசையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு இரைத்தால் உட்கார விடுங்கள். கேட்வரை நடத்திக் கூட்டிப்போகாதீர்கள்.