டவுன் பார்க்கிங்க மாத்தக் கதைக்க முதல் விடக்கூடாத பிழைகள்

மட்டக்களப்பு டவுனுக்குள்ள ரோட்டோர பார்க்கிங்க மாத்தணும் எண்ட பேச்சு வந்தா போதும், கொஞ்சப் பொடியனுகள் கொப்பியும் பேனையுமா இறங்கிருவாங்க, நல்ல விசயம்தான், ஆனா நாங்க அந்தக் காலத்துல விட்ட அதே பிழையத்தான் திரும்ப விடுறாங்க, பாத்துக்கிட்டு சும்மா இரிக்க ஏலாம இரிக்கு. வீட்டு கேட்ட மறிக்காதீங்க, பஸ் ஹோல்ட்ல விடாதீங்க எண்டெல்லாம் சொல்லப் போறதில்ல, அது எல்லாருக்கும் தெரியும்.

வாகனத்த எண்ணிட்டு நேரத்த விடுறது

இத நினைச்சா இன்னும் எரிச்சல் வரும். 11 மணிக்குப் போய் நிண்டு "20 இடம், 20ம் நிறைஞ்சிட்டு" எண்டு எழுதிட்டு வந்திருவாங்க. உடனே முடிவு: இடம் காணாது, இன்னும் வேணும். அடேய் மனே, அந்த 20லயும் நிக்கிறது ஆர்ட வாகனம்? ஒரு தெருவுல கடை முதலாளி ஒருத்தர் "வாறவங்களுக்கு வாகனம் விட இடமில்ல, யாவாரம் படுத்துட்டு" எண்டு கூட்டத்துல கத்துறார், வெளிய வந்து பாத்தா கடை திறக்கக்குள்ள வாசல்ல விட்ட அவர்ட வேன் பின்னேரம் வரைக்கும் அசையாம நிக்கிது, பக்கத்துல அவர்ட கடைப் பொடியனுகள்ட பைக் வரிசையா. எண்ணினவங்கட கொப்பியில அதெல்லாம் சாமான் வாங்க வந்த வாகனம்!

கணக்கப் போட்டுப் பாருங்க. 9ல இருந்து 5 மட்டும் 8 மணித்தியாலம். ஆளுக்கு அரை மணித்தியாலம் எண்டா ஒரு இடத்துல 16 வாகனம் வந்து போகலாம், 20 இடத்துக்கு 320. அதுல 12 இடத்த கடைக்காரரும் கந்தோர்ல வேலை செய்ற ஆக்களும் நாள் முழுக்கப் பிடிச்சா மிச்சம் 8 இடத்துல 128தான். 320 வாகனம் வந்து போற தெருவையும் 128 வந்து போற தெருவையும் 11 மணிக்குப் பாத்தா ஒரே மாதிரி நிறைஞ்சுதான் இரிக்கும். இதுக்கு நேரக் கட்டுப்பாடு போடணும், புது இடம் தேடி அலையிறது இல்ல. இது விளங்காம வெறும் வளவு ஒண்டுக்குக் கிரவல் போட்டு பார்க்கிங் ஆக்கி, ஒருத்தரும் போகாம மாடு படுத்துக் கிடந்ததெல்லாம் பாத்தாச்சு, போட்ட காசு போனதுதான்.

செய்றதெண்டா அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா அதே தெருவ நடந்து நம்பர் பிளேட்டுட கடைசி 4 இலக்கத்த எழுதுங்க. வெயிலுக்குள்ள கால் நோகும், வேற குறுக்கு வழி இல்ல. ஒரே நம்பர் பத்துத் தரம் வந்தா ஆளப் பிடிச்சிரலாம். நூத்துக்கு 85 அளவுல நிறைஞ்சு கிடந்தா நல்லம் எண்டுதான் இதப் படிச்ச ஆக்கள் சொல்றது, வாறவருக்கு ஒரு இடம் கிடைக்கும். 100ம் நிறைஞ்சா இடம் தேடிச் சுத்துற வாகனமே நெரிசலாகும்.

நாள் பாக்காம எண்ணுறது

பென்ஷன் வாற 10ம் திகதி பேங்க் வாசல்ல எண்ணிட்டு "எப்பவும் இப்பிடித்தான்" எண்டா? வெள்ளி ஜும்ஆ தொழுகை நேரம் எண்ணினா பக்கத்து முஸ்லிம் ஊர் காத்தான்குடி ஆக்கள் குறைவு, பள்ளிக்கூடம் விடுற 1.30க்கு எண்ணினா டவுன் நடுவுல இரிக்கிற புளியந்தீவு முழுக்க வேனும் ஆட்டோவும். சாதாரண நாள் ஒண்டு, சனம் கூடின நாள் ஒண்டு, ரெண்டும் வேணும்.

காருக்கு மட்டும் கட்டம் கீறுறது

ஒரு கார் கட்டத்துல 5 பைக் நிக்கும். நம்மட டவுனுக்கு அதிகமா வாறது எது?

வாகனத்துட மூக்கு ரோட்டுக் கரையப் பாக்க நேரா குத்தி விட்டா கூடுதலா நிக்கும் எண்டு சொல்றது

நிக்கும்தான், ரோடு மிஞ்சாது. கரையோட நீட்டுக்கு விட்டா 2.5 மீற்றர் காணும், குத்தி விட்டா 5 மீற்றர் போகும். ஒரு பஸ்ஸுட அகலமே 2.5 மீற்றர். டேப்ப எடுத்து அளங்க.

மார்கழி மழைக்குள்ள பார்க்கிங் கோட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறது

வேணாம்.

லொறிய மறக்கிறது

சாமான் இறக்க நேரம் ஒதுக்காட்டி அது நடு ரோட்டுலதான் இறக்கும்.

எல்லாத்தையும் மாநகர சபைக்கே எழுதுறது

ஏ, பி தர ரோடு வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கீழ, சீ, டீ மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ, மிச்ச உள் ரோடுகள்தான் சபைட. திருமலை வீதி ஏ15, அதுல கோடு கீறச் சொல்லி சபைக்கு மட்டும் எழுதினா கடிதம் மேசைக்கு மேசை போகும், கோடு வராது. ட்ராபிக் பொலிசுக்கும் கடிதத்துட பிரதி ஒண்டு அனுப்புங்க. தெருப் பேர மட்டும் எழுதாம, எந்தச் சந்தியில இருந்து எந்தச் சந்தி மட்டும், எந்தப் பக்கம், எத்தின மணியில இருந்து எத்தின மணி மட்டும் எண்டு எழுதி, அந்த நம்பர் பிளேட் கணக்கையும் பின்னால குத்தி விடுங்க.